மூணு விசில் என்பது எவ்வளவு நேரம்?

யாரிடம் சமையல் கேட்டாலும் கடைசியில் ஒரே பதிலில்தான் வந்து முடியும்: "அதெல்லாம் கை சொல்லுமுங்க, செய்யச் செய்ய வந்துரும்." அதற்கு மேல் கேட்க வழியில்லாமல் கேட்டவன் எழுந்து போக வேண்டியதுதான். எனக்கு அந்தப் பதில்மேல் ரொம்ப நாளாகவே எரிச்சல் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். காலையிலும் மாலையிலும் கேனோடு வந்து நிற்கிற ஒவ்வொருவரின் பாலிலும் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, ஃபேட் பார்த்து, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்து) போட்டு, அந்தக் கணக்குப்படிதான் காசு. "பாத்தாலே தெரியுதே, கெட்டிப் பாலுங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே மெஷினில் வைப்போம். பார்த்தால் தெரியாது என்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். அப்படியிருக்க, அடுப்படியில் மட்டும் கண்ணளவு, கையளவு, 'ஒரு தோதுக்கு' என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? சமையல் தெரிந்தவர்கள் அளவை மறைக்கிறார்கள், இல்லாவிட்டால் அளவே தெரியாமல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன கார்த்திகை ஒன்றாம் தேதி அப்பா மாலை போட்டார். வருஷா வருஷம் போடுகிறவர்தான். இந்த முறை தங்கச்சிக்குப் பேறுகாலமும் அதே சமயத்தில் வந்துவிட்டது. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. ஆனால் மாலை போட்ட வீட்டில் பிறப்புத் தீட்டு ஆகாது என்று, மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக முடிவாகி, அம்மா உடுமலைக்குக் கிளம்பிப் போனார். மண்டல விரதம் 41 நாள். அப்பா ஓட்டலில் கை நனைக்கமாட்டார். கறி, மீன், முட்டை கிடையாது. எங்கள் குருசாமி கொஞ்சம் கறார் என்பதால் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. (எல்லா ஊரிலும் அப்படி இல்லை. வேலந்தாவளம் பக்கத்துக் கோஷ்டி ஒன்று சின்ன வெங்காயச் சாம்பாரே சாப்பிடுகிறது. குருசாமியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், "அது அவங்க சாமி" என்றுவிட்டார்.) வீட்டில் மிச்சமிருந்தது நான். முட்டையைத் தவிர எதையும் அடுப்பில் வைத்துப் பழக்கமில்லாதவன். அந்த ஒரே வித்தையும் இப்போது உதவாது.

அம்மா போனில் சொல்லிக்கொடுத்தார். "பருப்பு ஒரு டம்ளரு, தண்ணி மூணு டம்ளரு, மஞ்சத்தூள் துளியூண்டு, வெளக்கெண்ண நாலு சொட்டு. மூணு விசில் உட்டு எறக்கிடு கண்ணு." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. கண்ணளவும் இல்லை, கையளவும் இல்லை. எழுதிவைத்துக்கொண்டு அப்படியே செய்தேன். குக்கரைத் திறந்தால் மஞ்சள் தண்ணீருக்கு அடியில் பருப்பு மணி மணியாகக் கிடக்கிறது. மத்தை வைத்தால் நழுவி ஓடுகிறது. "அப்ப இன்னும் ரெண்டு உடு." விட்டேன். பருப்பின் ஓரம் கரைந்து, நடு மட்டும் அப்படியே நின்றது. அப்பா எதுவும் சொல்லவில்லை, மாலை போட்டவர் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாதாம். ஆனால் அவர் எழுந்து போன பிறகு இலையைப் பார்த்தால், வேகாத பருப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எந்தத் தண்ணி?

பக்கத்து வீட்டுச் சேச்சி கொல்லங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் வீட்டு மரத்தில் கறிவேப்பிலை ஒடிக்க வந்தவர், நான் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். இரண்டு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். எத்தனை டம்ளர், எத்தனை விசில் என்ற பேச்சே இல்லை.

"தம்பி, இது எந்த வெள்ளம்?"

"குழாய்த் தண்ணிதான் சேச்சி."

"குழாய்னா, போரா?"

"ஆமா."

"அதான். பருப்புக்குக் குடிக்கிற வெள்ளம் வேணும்." அவ்வளவுதான். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் அடுப்படியில் இரண்டு தண்ணீர் உண்டு. மேல்தொட்டியிலிருந்து குழாயில் வருவது போர் தண்ணீர். பஞ்சாயத்துக் குடிநீர் வரும்போது பிடித்துக் குடத்தில் வைப்பது இன்னொன்று. போர் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்காது. சுடுதண்ணீர் வைக்கிற போசியின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், அதாவது வடகரப்பதி, எருத்தேம்பதி, எங்கள் ஊர் எல்லாமே, கேரளத்துக்குள் இருந்தாலும் மழை குறைவாகப் பெய்கிற மழை மறைவுப் பகுதி. ஆழ்துளைக் கிணறுதான் கதி. தண்ணீர் என்று பேச்செடுத்தால் ஆழியாறு அணை, மூலத்தறைத் தடுப்பணை, பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் வருஷத்துக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி. என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதாடுவோம். குக்கரில் ஊற்றுகிற மூன்று டம்ளரைப் பற்றி ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லை.

விஷயம் எளிதுதான். பருப்புக்குள் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரைந்து விட்டுக்கொடுத்தால்தான் பருப்பு குழையும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்கிற கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினோடு சேர்ந்துகொண்டு அதை இன்னும் இறுக்கிவிடும். புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. அதனால்தான் புளித்தண்ணீரைப் பருப்பு வெந்த பிறகு ஊற்றுகிறார்கள். பருப்பு பழசாக இருந்தால் இன்னும் சண்டித்தனம். குடத்துத் தண்ணீரில், அரைமணி நேரம் ஊறவைத்துப் போட்டேன். மத்தே வேண்டியிருக்கவில்லை, கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்தினால் வெண்ணெயாக மசிந்தது.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, குடத்துத் தண்ணிதான் ஊத்தணும்னு நீ சொல்லவே இல்லியே?"

"அதக்கூடவா சொல்லணும்?"

இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு ரொம்ப நாளாக இருந்த சந்தேகம் தீர்ந்தது. அம்மா எதையும் மறைக்கவில்லை. குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பருப்புக்கு மட்டும் குடத்தைச் சாய்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கை அதுவாகப் போய்க் குடத்தைச் சாய்க்கும். முப்பது வருஷம் செய்தவருக்கு அது ஒரு வேலையாகவே கண்ணில் படாது, கண்ணில் படாததை எப்படிச் சொல்வது? கேட்டால் அளவைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அளவு ஒன்றுதான் அவர்கள் நினைத்துச் செய்கிற விஷயம். அந்த அளவும் சரியாகத்தான் இருக்கும். லாக்டோமீட்டரில் 28 என்று எண் வந்தால், பாலின் சூடு எத்தனை என்று சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணை எழுதிவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அம்மா கொடுத்த எண்ணெல்லாம் சூடு எழுதாத எண்.

விசிலுக்கும் இதே கதைதான். மூணு விசில் என்றால் எவ்வளவு நேரம்? எரிகிற தீயைப் பொறுத்தது. உள்ளே ஆவி ஒரு அழுத்தத்தைத் தாண்டினால் வெயிட் எழும்பி மிச்சத்தை வெளியே விடுகிறது, அதற்குமேல் விசிலுக்கு அர்த்தமில்லை. பெரிய தீயில் மூன்றும் மடமடவென்று வந்துவிடும். சிறுதீயில் ஒன்று வந்து அடுத்ததற்குக் காத்திருந்தே அலுத்துவிடும். அலமாரிக்கு அடியில் கிடந்த குக்கர் கையேட்டை எடுத்துப் பார்த்தால், விசிலே பேச்சில் இல்லை. பிரஷர் ஏறியதும் தீயைக் குறை, இத்தனை நிமிஷம் வை என்றுதான் இருக்கிறது. உள்ளே சூடு ஏறத்தாழ 120 டிகிரியில் நிற்கும், வேகவைப்பது அந்தச் சூடும் நேரமும்தான். அம்மாவுக்கு விசில் கணக்கு பலிப்பதற்குக் காரணம், அதே குக்கர், அதே பர்னர், அதே மளிகைக்கடைப் பருப்பு, அதே குடம். நான் இப்போது முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம் விடுகிறேன். விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டு நிற்கிற வேலை இல்லை.

வெங்காயம் இல்லாத அடுப்பு

இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு, பலருக்குப் பிடிக்காது. புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் வெங்காயம், தக்காளி இல்லாமல் தொடங்க வேண்டும். போனில் 'பேச்சிலர் சமையல்' என்று தேடினால் எல்லாமே "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்து, புதியவனுக்கு அதைவிடக் கஷ்டமான வரி கிடையாது. எந்தப் பொன், எந்த நிறம்? ஐந்து நிமிஷம் என்பார்கள். சிறுதீயில் இருபது நிமிஷம் ஆனாலும் ஆகும். அது சரியாக வராவிட்டாலும் மேலே மல்லித்தூளும் கரம் மசாலாவும் விழுந்து மூடிவிடும். சாப்பிட்டுவிடலாம்தான், ஆனால் எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று ஒன்றும் தெரியாது. குருசாமியின் கறார் எனக்கு இந்த விதத்தில் பெரிய உபகாரம்.

சேச்சி அடுத்து வந்தபோது மொளகூட்டல் செய்யச் சொன்னார். பக்கத்தில் நின்றார், கரண்டியைத் தொடவில்லை. வெள்ளைப் பூசணியைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவைக்க வேண்டும். வெந்த துவரம்பருப்பை அதில் கொட்ட வேண்டும். அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு வரமிளகாய் அரைத்துச் சேர்க்க வேண்டும். புளி கிடையாது. புளிப்பு வேண்டுமென்றால் இஞ்சிப்புளியோ மாங்காய் ஊறுகாயோ தனியாகத் தொட்டுக்கொள்வது. சாமான் கொஞ்சம்தான் என்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்தது. பூசணித் துண்டு முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். வேக வேக ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டே உள்ளே போகும், நடுவில் அரிசி அளவு வெள்ளை மிச்சமிருக்கும்போது பருப்பை ஊற்றினால், இறக்குவதற்குள் அதுவும் கண்ணாடியாகிவிடும். தேங்காய் விழுது விழுந்ததும் பச்சைச் சீரக நெடி மூக்கில் குத்தும். கொதி வருகிற நேரத்தில் அது மாறி, கல்யாணப் பந்தி வாசனை வரும். "இப்ப," என்றார் சேச்சி, "இதுக்கு மேல கொதிச்சா தேங்கா பிரிஞ்சு போகும்." அந்த 'இப்ப'தான் எந்தக் குறிப்பிலும் இருப்பதில்லை.

தாளிப்பு தனிக் கலை. தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கடுகு. கடுகு வெடிக்கத் தொடங்கி, சடசடவென்று ஏறி, பிறகு ஓயும். அந்த ஓய்ச்சலில் உளுந்து. உளுந்தைச் சிவக்கவிட்டு அடுப்பை அணைத்தால் கருகிவிடும், வடசட்டியின் சூடு அணைத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். வெளுப்பு போய் இளமஞ்சள் தட்டியதுமே அணைத்து, கறிவேப்பிலையைப் போட்டு, படபடப்பு அடங்குவதற்குள் குழம்பில் கொட்டிவிட வேண்டும். மீதிச் சிவப்பு போகிற வழியில் வந்துவிடும். சேச்சி இதைச் சொல்லவில்லை. நான் கொஞ்சம் முன்னாலேயே அணைத்தபோது, தலையை மட்டும் ஆட்டினார்.

மோர் மட்டும் நமக்கு முன்பே தெரிந்த சரக்கு

மோர்க்குழம்புக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். சொசைட்டியில் சந்தேகமான பால் வந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் வைப்போம். புளிப்பு ஏறியிருந்தால் குழாயின் ஓரத்தில் துகள் துகளாகத் திரிந்து நிற்கும், அந்தக் கேன் திரும்பிப் போகும். புளிப்பு கூடக்கூட, திரிவதற்குத் தேவைப்படும் சூடு குறையும். மோரில் புளிப்பு ஏறிப் புரதம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதைக் கொதிக்கவிட்டால் இன்னும் சுருங்கி, தன்னிடமுள்ள நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளும். குழம்பு ஒரு பக்கம், வெள்ளைக் கட்டி ஒரு பக்கம். ஊறவைத்த அரிசி ஒரு ஸ்பூனைத் தேங்காயோடு அரைத்து ஊற்றுவதும் ருசிக்காக மட்டும் இல்லை, அந்த மாவு புரதத்தை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் இன்னும் குமிழ் வராத நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அம்மாவும் "நொர கட்டுனா எறக்கிடு" என்றுதான் சொன்னார். இந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்னதும் எனக்குத் தெரிந்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

அரிசிக்கு வழி செய்ததும் சேச்சிதான். அப்பாவுக்கு மட்ட அரிசிக் கஞ்சிதான் ராத்திரிக்கு இதம். அந்தச் சிவப்பரிசி முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து வேகாது, நானோ மாலைப் பால் எடுக்க ஓட வேண்டியவன். சேச்சி தன் வீட்டுச் சூடாறாப்பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் அமைப்பு ஊர் ஊராகப் பரப்பிய சாமான்களில் ஒன்று. சூடு வெளியே போகாதபடி சுற்றிலும் அடைத்த பெட்டி, அவ்வளவுதான். அரிசியைப் பானையில் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு சொசைட்டிக்குப் போய்விடலாம். கேஸும் மிச்சம், கவலையும் மிச்சம். திரும்பி வந்து திறந்தால் அரிசி முழுசாக மலர்ந்து, ஆவி முகத்தில் அடிக்கும். கூடவே பச்சைப்பயறு, தேங்காய்த் துருவல் தூவி. புதியவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு நான் பார்த்ததில்லை, ஏனென்றால் கஞ்சி கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு மட்ட அரிசி என்றாலே முகம் சுளிக்கும், அவர்களுக்குப் பெட்டியை மட்டும் சிபாரிசு செய்கிறேன்.

அப்பா மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினார். அம்மாவும் பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு வந்து சேர்ந்தார். ராத்திரிச் சமையல் என்னிடமே இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு அவருக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சிம்மில் பத்து நிமிஷம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு விசிலு போதும். நீதான் சும்மா கேஸத் தீக்கிற." ரசம் ஒன்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மோர்க்குழம்பில் நுரை என்றால் எது என்று தெரியும், ரசத்திலோ ஆரம்பத்திலிருந்தே ஏதாவதொரு நுரை மிதந்துகொண்டிருக்கிறது. அம்மா இறக்குகிற அந்த நொடியில் சூடு எத்தனை என்று தெரிந்துவிட்டால் போதும். சொசைட்டித் தெர்மாமீட்டரை ஒருநாள் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"ஊரு மாட்டுப் பால்லயெல்லாம் உட்டத எடுத்தாந்து என்ர ரசத்துல உடுவியா?"

சித்தூரில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கும் இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை.